வெங்காயப் பட்டறைக்குக் காய்ச்சல்

குன்னத்துக்குக் கிழக்கே நாங்கள் வாங்கிய இரண்டு ஏக்கரைப் பார்க்க வந்த மச்சான், வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார். நிலம் பார்க்க வருகிறவர்கள் பொதுவாகக் குனிந்து மண்ணைத்தான் பார்ப்பார்கள். இவர் பார்த்தது மரங்களை. வேம்பு, புங்கன், இலுப்பை, மூன்று பனை, யாரும் நடாமல் தானாக வந்து குடியேறிய நுணா. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்:

"மாப்ள, நீங்க நெலம் வாங்கல. நெழலு வாங்கியிருக்கீங்க."

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். செட்டிகுளம் பக்கம். அங்கே சின்ன வெங்காயம் நடாதவனை மனிதக் கணக்கில் சேர்க்கத் தயங்குவார்கள். நான் அரியலூரில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, பையன்கள் கந்தக அமிலத்தைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் என் தொழில். எனக்கு மரம் போதும். அந்த இரண்டு ஏக்கரில் இரண்டு அறை ஓட்டு வீடு கட்டி, ஒரு பசு, நான்கு ஆடு, ஒரு கிணறு என்று குடியேறிய முதல் இரண்டு வருடங்கள் நான் செய்த 'திட்டங்கள்' எல்லாம் மரத்தை நம்பியவை. புங்கன் பூத்தபோது தேனீப் பெட்டி வைத்தேன். தேனீக்கள் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு, ஊர் பிடிக்கவில்லை என்று போய்விட்டன. காற்றில் விழுந்த வேப்பங்கிளையில் பெஞ்சு செய்தேன். அதில் ஆடுகள் மட்டும் உட்காரும். காலையில் வாசலில் இலை கூட்டுவேன். கூட்டி முடித்துத் திரும்பினால் கூட்டவே இல்லாததுபோல் இருக்கும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளியில் மணி அடித்தால் ஓடுகிற பிழைப்புக்கு, மணியே இல்லாத அந்த இலைகள் பெரிய ஆறுதல்.

மனைவிக்கு அது போதவில்லை. மரம் இல்லாத நடுப்பகுதி ஒரு அரை ஏக்கர் இருந்தது. அதில் வெங்காயம் நடுவேன் என்றாள். விதைக்கு அண்ணனிடம்தான் போக வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு வெங்காயமேதான் விதை. அண்ணன் கொடுத்தார், கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தார்.

"அந்தக் காட்டுல வெங்காயம் வெளையும்மா. வெளைஞ்சது தங்காது. அடுத்த நடவுக்கு நீ இங்கதான் வந்து நிக்கப் போற."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னொரு தடவ வெதைக்குன்னு உங்கிட்ட வந்து நின்னா, என்னைத் தங்கச்சின்னு கூப்புடாதண்ணே."

நான் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இப்படிச் சொன்ன எதையும் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டதில்லை.

வைகாசியில் வெங்காயம் நன்றாகவே வந்தது. தாளோடு பிடுங்கி, நிழலில் சில நாள் காயவைத்து, இனிப் பட்டறை போட வேண்டும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வெங்காயத்தை மூட்டை கட்டி அறையில் பூட்டுவதில்லை. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல் வைத்து, அதன்மேல் கழி பரப்பி, நாலாபுறமும் பருத்திமாரால், அதாவது காய்ந்த பருத்திச் செடித் தண்டுகளால், இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கரும்புச் சோகை வேய்வார்கள். ஆள் நுழைய முடியாத ஒரு குட்டிக் குடிசை. அகலம் குறைவு, நீளம் அதிகம். நீளப்பக்கம் மேற்கைப் பார்க்க வேண்டும். ஆடியில் அடிக்கிற மேல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். அப்படி நின்றால் புரட்டாசி நடவு வரைக்கும் வெங்காயம் தூங்கும்.

அதை எங்கே கட்டுவது என்பதில்தான் நான் மூக்கை நுழைத்தேன். பெரிய வேம்புக்கு அடியில் கட்டலாம் என்றேன். பட்டறை கட்ட வந்த பக்கத்து வயல்காரர் தலையைச் சொறிந்தார்.

"சார், மரத்தடி புழுங்குங்களே?"

நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். எங்கள் ஆய்வகத்தில் இருக்கிற அத்தனை புட்டிகளிலும் 'குளிர்ச்சியான, நிழலான இடத்தில் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கும். அமிலத்துக்கே அப்படி என்றால் வெங்காயத்துக்கு? அவர் புட்டிகளைப் பார்த்ததில்லை. ஆகவே எதிர்த்துப் பேசவில்லை.

மனைவி பேசினாள். "அங்க மேகாத்து வருமா?"

நான் என் கைக்குட்டையை வேப்பங்கிளையில் கட்டிக் காட்டினேன். படபடவென்று பறந்தது. அன்றைக்குப் பக்கத்து ஊரில் ஒரு கொட்டகையின் தகரமே பறந்துபோனது என்கிற செய்தியை நான் அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பட்டறை கட்டி முடித்ததும் அவள் ஒரு உத்தரவு போட்டாள்.

"இனிமே இதை யாரும் தொடக்கூடாது. கை வச்சா, பொரட்டுனா, வெங்காயம் முழிச்சுக்கும். புரட்டாசியில நாந்தான் பிரிப்பேன்."

'யாரும்' என்று சொன்னபோது என்னைத்தான் பார்த்தாள். பத்து வயது மகளும் என்னைத்தான் பார்த்தாள். பசுவும் திரும்பிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம்.

ஆடியில் காற்று வந்தது. வீட்டைச் சுற்றியிருந்த மரங்கள் எல்லாம் ஆடின. பட்டறை மேல் வேய்ந்த சோகை மட்டும் ஆடவில்லை. புங்கனும் இலுப்பையும் மேற்கே வரிசையாக நின்று காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தன. என் கைக்குட்டையை மறுபடி கட்டிப் பார்த்தேன். தூக்குப் போட்டுக்கொண்டதுபோல் தொங்கிற்று.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தினமும் விடிகாலையில், அவள் பால் கறக்கும் நேரம் பார்த்து, பருத்திமாரை விலக்கிக் கையை உள்ளே விடுவேன். முழங்கை வரைக்கும் போகும். ஒன்றை எடுத்துக் கசக்கி, முகர்ந்து, மறுபடி உள்ளே வைப்பேன். நாறுகிறதா? நாறுவதுபோலவும் இருக்கும், நாறாததுபோலவும் இருக்கும். அறிவியல் முறையில் போகலாம் என்று ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைச் சட்டைப்பையில் கொண்டுவந்து பட்டறைக்குள் செருகினேன். முப்பத்தாறு காட்டிற்று. எடுத்து என் அக்குளில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் முப்பத்தாறு. எனக்குக் கை கால் ஓடவில்லை. எனக்கும் வெங்காயத்துக்கும் ஒரே சூடு என்றால், எங்களில் யாருக்கோ காய்ச்சல்.

நாள் போகப் போக எங்கே போனாலும் அந்த வாடை துரத்தியது. சோற்றில் வாடை. பேருந்தில் வாடை. வேதியியல் ஆசிரியர் ஹைட்ரஜன் சல்பைடு தயாரித்தபோது வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிற்று. நான் மட்டும் "அப்பாடா, இது வேற நாத்தம்" என்று அங்கேயே நின்றேன். வெங்காயத்தைக் கசக்கிய கையால்தான் சாப்பிடுகிறேன், மீசையைத் தடவுகிறேன், அதனால் என் மூக்கின் வாசலிலேயே பட்டறை இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பத்துப் பேருக்குப் பாடம் சொல்கிற இடத்தில் வேலை செய்கிறேன், அவ்வளவுதான். பாடம் கேட்பது கிடையாது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. மனைவியும் மகளும் அவளுடைய சித்தப்பா பேத்தியின் காதுகுத்துக்காகக் காலையிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு இரவுக்குள் வருவதாக ஏற்பாடு. ஆடு மாட்டைப் பார்க்க நான். அன்றைக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு இருந்தது. முடித்துவிட்டு அரியலூரிலிருந்து திரும்பும்போது, சிமெண்ட் தூசி அப்பிய பேருந்தில் என் பக்கத்தில் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"தம்பிக்கு வெங்காய மண்டிங்களா?"

"இல்லீங்க பாய். பள்ளிக்கூடத்துல வேலை."

"அட, அல்லாவே. பள்ளிக்கூடத்துல இப்ப இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் நல்ல மனிதர். ஜிப்பாப் பையிலிருந்து ஒரு குட்டிப் புட்டியை எடுத்தார். "கையக் காட்டுங்க. மவன் துபாய்லேர்ந்து குடுத்து வுட்டான். ஒரு சொட்டு போதும், மூணு நாளைக்கு நிக்கும்" என்று என் இரண்டு உள்ளங்கையிலும் அத்தரைத் தேய்த்துவிட்டார். குன்னம் வரும்வரை சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலப் பட்டறைக்குள் கையை விட்டேன். எடுத்தேன். முகர்ந்தேன்.

வேறு வாடை! இதுவரை வராத வாடை. அழுகலும் இல்லை, புளிப்பும் இல்லை. செத்துப்போன எதற்கோ மாலை போட்டு வைத்ததுபோல ஒரு தித்திப்பு. போயிற்று என்று முடிவு கட்டினேன். அண்ணன் வாசலில் என் மனைவி விதைக்கு நிற்கிறாள், அவர் "வாங்க, யாரு நீங்க?" என்று கேட்கிறார். அந்தக் காட்சி கண்ணெதிரே வந்து நின்றது. பக்கத்து வயல்காரரையும் அவர் மனைவியையும் போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

"சார், அக்கா இல்லாத நேரத்துல பிரிக்கச் சொல்றீங்களே..."

"நாறுதுய்யா! இந்தா, நீயே மோந்து பாரு."

அவர் என் கையில் இருந்த வெங்காயத்தை மரியாதையாக முகர்ந்தார். "எனக்கு வாசமாத்தான் இருக்குங்க சார். நாகூரு போயிட்டு வந்த மாதிரி இருக்கு."

அவர் மனைவி அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். இவ்வளவு தெளிவாக ஒரு மனிதர் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. பயந்தவனுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களெல்லாம் எதிரிகள்.

பதினொரு மணிக்குள் பட்டறையை முழுக்கப் பிரித்துவிட்டோம். கூடை கூடையாக மரத்தடியில் பரப்பினோம். மேலே இருந்தது கல் மாதிரி இருந்தது. நடுவில் இருந்ததும் கல் மாதிரி இருந்தது. எனக்கு வியர்த்தது, ஏனென்றால் அழுகியதைவிட அழுகாததைப் பிரித்ததற்குத்தான் பெரிய தண்டனை. கடைசியாக அடியில், ஒரு சாண் கனத்துக்கு, வெதுவெதுப்பாக, ஈரமாக, பச்சைப் பச்சையாக முளை விட்டு ஒரு படுகை கிடந்தது. வெங்காயம் கெட்டதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் பெரம்பலூர் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று குதித்தேன்.

அப்போதுதான் பக்கத்து வயல்காரர் மேற்கே கையை நீட்டினார். "சார், அதையும் பாருங்க."

வானம் இலுப்பைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது.

மூன்று பேரும் ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. தார்ப்பாய் இல்லை. பட்டறைச் சுவர் சாய்ந்து கிடக்கிறது. மிஞ்சியது வீடுதான். கட்டில்மேல் கொட்டினோம். கட்டிலுக்கு அடியில் கொட்டினோம். தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில், மகளின் மேசையில், அம்மி மேடையில், சன்னல் விளிம்பில். சாமி மாடத்தில் விளக்குக்கு மட்டும் இடம் விட்டேன், அதுவும் அந்த நேரத்தில் சாமியின் தயவு தேவைப்பட்டதால். கடைசிக் கூடை உள்ளே போகும்போது முதல் துளி என் முதுகில் விழுந்தது. இரண்டு மின்விசிறியையும் முழு வேகத்தில் போட்டேன். மழை வலுத்ததும் மின்சாரம் போயிற்று. வயல்காரரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டைப் பார்க்க ஓட, நான் முறத்தை எடுத்து வெங்காயத்துக்கு விசிற ஆரம்பித்தேன்.

இருட்டுகிற நேரத்தில், அந்தக் கோலத்தில்தான் அவர்கள் வந்தார்கள். மனைவி, மகள், அவர்களை விட்டுப்போக வந்த மச்சான். மூவரும் நனைந்து வாசற்படியில் நின்றார்கள். உள்ளே கால் வைக்க இடம் இல்லை.

"அப்பா, என் கணக்கு நோட்டு எங்க?" என்றாள் மகள்.

"வெங்காயத்துக்கு அடியிலம்மா."

"வூட்டுப்பாடம் இருக்கே?"

"அதுவும் அடியிலதான்."

மனைவி கட்டிலிலிருந்து சாமி மாடம் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். அவள் திட்டினால் எனக்குப் பழக்கம், சமாளித்துக்கொள்வேன். இப்படிப் பார்த்தால்தான் பயம். கடைசியில் கேட்டாள்: "எதுக்குப் பிரிச்சீங்க?"

"நாத்தம். புதுசா ஒரு நாத்தம். நீயே பாரு" என்று சாட்சியாக என் உள்ளங்கையை நீட்டினேன்.

அவள் குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"இது அத்தருங்க."

பிறகு மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சிரிக்க வேண்டிய சிரிப்பு. உட்கார இடம் இல்லாததால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள... பட்டறைக்கு... சென்ட்டு அடிச்சு..." என்று தொடங்குவார், முடிக்க முடியாது.

சிரித்து ஓய்ந்ததும் டார்ச்சை வாங்கிக்கொண்டு மழையிலேயே வேம்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. முளைவிட்ட வெங்காயம் ஒரு கை அள்ளி வந்திருந்தார்.

"எடம் தப்பும்மா. மேகாத்தை மரம் மறிச்சுக்கிச்சு. அடியில புழுங்கியிருக்கு. வுட்டிருந்தா இன்னும் பத்து நாள்ல மேல வரைக்கும் ஏறியிருக்கும்."

"பாத்தியா!" என்றேன் நான்.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அவள். "ஒங்க கை அடி வரைக்கும் போகவே போகாது. அந்த எடத்தைப் புடிச்சது யாரு? கைக்குட்டை கட்டுனது யாரு?"

பட்டறையை மறுபடி அதே இடத்தில் கட்டி, மேற்கே நிற்கிற இலுப்பையில் இரண்டு கிளையைக் கழித்துவிட்டால் காற்று வருமே என்றேன். வீராவேசமாக அரிவாளைக்கூடத் தேடினேன்.

"மரத்தை வெட்டவா மரத்தோட வாங்குனோம்? பட்டறைய நவுத்துனாப் போவுது. பட்டறைக்கு வேரா இருக்கு?" என்றாள் மனைவி.

மச்சான் தன் தங்கையைப் பார்த்தார். தணிந்த குரலில் சொன்னார்: "இதுல எவ்வளவு தேறுமோ. வூட்டுல வெதை கெடக்குது. வேணும்னா..."

"வேணாம்ணே."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலில் ஒரு ஆள் அளவுக்கு வெங்காயத்தை ஒதுக்கி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கத் தொடங்கினார். கெட்டியாக இருந்தால் இந்தப் பக்கம், குழைந்தால் அந்தப் பக்கம். மனைவி எதிரே உட்கார்ந்தாள். மகள் என் மடியில் இடம் பிடித்துக்கொண்டு, அழுத்தத் தெரியாமல் நல்லதையும் சேர்த்து நசுக்கினாள். சிமினி விளக்கின் வெளிச்சத்தில் வெங்காயம் செம்பாகப் பளபளத்தது. காதுகுத்தில் யாருக்குக் கறி போதவில்லை, யார் யாரோடு பேசவில்லை என்று அண்ணனும் தங்கையும் கதை பேசிக்கொண்டே பொறுக்கினார்கள். எனக்குப் பயம் போய்ப் பசி வந்துவிட்டிருந்தது. எழுந்து முளைவிட்ட வெங்காயத்தை முழுசாகப் போட்டு ஒரு புளிக்குழம்பு வைத்தேன். மச்சான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "மாப்ள வெங்காயத்தைக் காப்பாத்தத்தான் லாயக்கில்ல. கொழம்புக்கு லாயக்கு" என்றார்.

மறுநாள் வெயில் அடித்தது. நான் பள்ளிக்குப் போக வேண்டாமா என்று இருவரும் மாறி மாறி விசாரித்து என்னை அனுப்பிவைத்தார்கள். மாலை வந்து பார்த்தால், மரங்கள் முடிந்து வெங்காயக் காடு தொடங்குகிற இடத்தில், முழுக் காற்றில், கல் வைத்துப் புதுப் பட்டறை எலும்பாக நின்றது. வெங்காயத்தை ஐந்து நாள் பகலில் வாசலில் உலர்த்தி, ராத்திரி வீட்டுக்குள் வாரிப் போட்டு, பிறகு அதில் ஏற்றினோம். அந்த ஐந்து நாளும் நாங்கள் அடுக்களையில் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டோம். காலையில் எழுந்தால் எல்லோர் தலையிலும் வெங்காயச் சருகு. வெப்பமானியைக் கழுவித் திரும்பப் பள்ளியில் வைத்துவிட்டேன்.

புரட்டாசியில், சொன்னபடியே, அவள்தான் பிரித்தாள். உள்ளே இருந்தது நன்றாகவே இருந்தது. நடவுக்கு வந்த பெண்கள் பாத்தி பாத்தியாக ஊன்றிக்கொண்டே போனார்கள். கிழக்கோரம் இரண்டு பாத்தி மிச்சம் இருக்கும்போது கூடை காலியாகிவிட்டது. பட்டறைக்கு அடியில் தேடினாள். உதறிய சோகைக்குள் தேடினாள். நாலு வெங்காயம் கிடைத்தது. மகள் நசுக்கியதும் நான் கசக்கியதும் குழம்பு வைத்ததும் சேர்ந்து சரியாக இரண்டு பாத்தி.

எனக்கு மறுபடி கை கால் ஓடவில்லை. "பக்கத்து வயல்ல கேக்கலாமா? சந்தையில? இல்லன்னா அண்ணன்கிட்ட ஒரே ஒரு கூடை, கைமாத்தா..."

அவள் இடுப்பில் கை வைத்து அந்த இரண்டு பாத்தியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய், மிளகாய்த்தூள் அரைக்க வைத்திருந்த கொத்தமல்லியில் இரண்டு பிடி எடுத்து வந்து, செருப்புக்காலால் தேய்த்து உடைத்துத் தூவிவிட்டாள்.

கார்த்திகைக்கு மச்சான் வந்தார். வழக்கம்போல வரப்பு முழுக்க நடந்தார். வெங்காயத் தாள் பச்சைப்பசேலென்று முழங்காலுக்குக் கீழே நின்றது. கிழக்கோரத்துக்குப் போனதும் நின்றுவிட்டார். வெங்காயக் காட்டின் கடைசியில் இரண்டு பாத்தி கொத்தமல்லி எதற்கு என்பது அவர் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். மனைவி துணி காயப்போடுவதில் மும்முரமாக இருந்தாள், ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள்.

அவர் குனிந்து ஒரு பிடி கொத்தமல்லியைப் பிடுங்கி, வேரில் இருந்த மண்ணைத் தட்டி, துண்டில் சுற்றிக்கொண்டார்.

"தங்கச்சி, இது வாசமா இருக்குது. எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துக்கண்ணே," என்றாள் அவள். "வேணும்னா இன்னும் ரெண்டு பிடி எடுத்துக்க. அண்ணி கேப்பாங்க."